எரிக்காத எண்ணெய்

என் வீட்டுக்காரர் கோதண்டபாணி டேங்கர் லாரி ஓட்டுகிறவர். சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரிஃபைனரியில் சரக்கு பிடித்துக்கொண்டு மேற்கே வருவார். கல்யாணமான புதிதில் டீசலும் மண்ணெண்ணெயும்தான் ஏற்றி வந்தார். எந்தச் சோப்பைப் போட்டுத் துவைத்தாலும் அவர் சட்டையை விட்டு மண்ணெண்ணெய் வாடை போகாது. “உன் சட்டையப் புழிஞ்சா ஒரு வேளை ஸ்டவ்வுக்கு ஆவும் மாமா” என்று கேலி செய்வேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயத்தில் அந்த வாடை மாறியது. லேசான இனிப்போடு மூக்குக்குள் சில்லென்று ஏறுகிற வாடை. பெட்ரோல் பங்குகளுக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி, ராணிப்பேட்டைப் பக்கம் கெமிக்கல் கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்திருந்தது.

“இனிமே எரிக்கிற எண்ணெய்க்கு மவுசு கம்மி சௌந்தரம்” என்றார் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே. “ரிஃபைனரில புதுசு புதுசா குழா நட்டுக்கினு கீறான். எல்லாம் கெமிக்கல் பிரிக்கறதுக்கு. ஒரே கச்சா எண்ணெய்தான். எரிச்சா புகை. பிரிச்சா புடவை, பக்கெட்டு, ரெக்சின், சொல்யூஷன். ஆபீசருங்களே பேசிக்கிறாங்க, இனி அதுலதான் பொழப்புன்னு.”

“அப்போ நான் கட்டிக்கினு இருக்கற புடவைகூட உன் லாரில வந்ததா?”

“பின்னே? நீ, உன் புடவை, உன் கொடம், எல்லாம் என் லாரில வந்ததுதான்.”

பெருமை பீற்றிக்கொள்வதில் எங்கள் ஊர் லாரி டிரைவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது பொய்யில்லை. நான் செய்த வேலையும் அந்த லாரியில்தான் வந்தது.

எங்கள் வீடு மாதனூரில். முன்பெல்லாம் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போவேன். நந்தினி பிறந்த பிறகு நின்றுவிட்டேன். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், ஷூ கம்பெனிகளிடம் வேலை பிடித்து வீடு வீடாகப் பிரித்துத் தருகிற அஜீஸுன்னிசா ஆபா வீட்டுக்கே வேலை கொடுத்தார். ஆட்டோவில் மூட்டை மூட்டையாக அப்பர் வரும். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். அதன் விளிம்பில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, மடித்து, ஒட்டி, தட்டிக் கொடுக்க வேண்டும். அசல் தோலாக இருந்தவரைக்கும் பழைய பசையே பிடித்தது. பாதி தோல், பாதி ரெக்சின் என்று ஆனதும் பழைய பசை இளித்துக்கொண்டு நின்றது. புது சொல்யூஷன் வந்தது. அது நன்றாகத்தான் ஒட்டும், ஆனால் டப்பாவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பாகுபோல இறுகிவிடும்.

அதற்கும் என் வீட்டுக்காரர் வழி வைத்திருந்தார். லாரி காலியான பிறகு அடியில் மிச்சமிருப்பதை ஒரு கேனில் பிடித்து வந்தார். தண்ணீர் மாதிரி இருக்கும். ஒரு கரண்டி ஊற்றினால் இறுகிய சொல்யூஷன் இளகிக்கொடுக்கும். கையில் அப்பிய பசை ஒரே தேய்ப்பில் போய்விடும். வேலை முடிந்ததும் முழங்கைவரைக்கும் அதிலேதான் கழுவுவேன். கை குளுகுளுவென்று இருக்கும். வளையல் வாங்கித் தராத மனுஷன் இதையாவது கொண்டுவந்தாரே என்று சந்தோஷப்பட்டேன், வேறென்ன.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ” என்றார். “நெருப்பு கிட்ட கொண்டுபோவாத. குப்புனு புடிச்சிக்கும்.”

நெருப்புக்குப் பயப்பட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஸ்டவ் வெடித்து வெந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அடுப்பு தாழ்வாரத்தில் இருந்தது. அதனால் கேனையும் சொல்யூஷன் டப்பாக்களையும் அடுப்புக்கு எட்டாத உள்ளறையில் வைத்தேன். வாடை அடுப்புப் பக்கம் போய்விடக் கூடாதென்று அந்த அறையின் ஒற்றை ஜன்னலையும் அடைத்து, இடுக்கில் சாக்குத்துணி திணித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து ஒட்டுவேன். அந்த அறைக்குள் கொசுகூட வராது. என்ன கெட்டிக்காரி நான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஆடி மாதம் ஒருநாள் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

“இன்னாமா, செருப்ப உட்டுட்டு எங்க போற?”

குனிந்து பார்த்தேன். என் வலது காலில் செருப்பு இல்லை. தெருக்கோடியில் கிடந்தது. அத்தனை தூரமும் கல்லிலும் முள்ளிலும் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டு மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் ஜில்லாவில் பிறந்தவளுக்குச் சிரிப்பு வராது. நாங்கள் படித்த காலத்தில் தொழுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, முதுகிலும் கையிலும் வெளுத்த படை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுவரில் படம் மாட்டிப் பாடம் நடத்துவார்கள். அதில் ஒரு படம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒரு ஆள் நடந்து போகிறான், அவன் செருப்பு பின்னால் கிடக்கிறது. கால் மரத்துப்போனவனுக்குச் செருப்பு கழன்றது தெரியாது என்று சொல்லித்தந்தார்கள். மூன்றாம் வகுப்பில் படித்த அத்தனை பாடமும் மறந்துபோனது, இது மட்டும் மறக்கவில்லை.

என் அத்தை பூவம்மாளுக்கு அந்த நோய் வந்தது. மருந்து இருக்கிறது, குணமாகும் என்று அந்த ஆட்கள் தலையால் அடித்துக்கொண்டு சொன்னார்கள். எங்கள் ஜனங்கள் கேட்டால்தானே. கிணற்றடியில் ஒரு குடிசை போட்டு அவளை அங்கே தள்ளினார்கள். தட்டைத் தூர வைத்துவிட்டு ஓடிவருவோம். கைக்குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் வளர்ந்து கல்யாணம் கட்டும்வரை அவள் அவனைத் தொட்டதில்லை. அவளுக்கு நோய் குணமானதாகக்கூடச் சொன்னார்கள். அதற்குள் குடிசையும் அவளும் ஒன்றாகிப் போயிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு காலைக் கிள்ளிப் பார்த்தேன். விரலில் ஒன்றும் தெரியவில்லை. ஊசியால் குத்தினேன். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. கைவிரல் நுனிகளும் பஞ்சு சுற்றியது மாதிரி இருந்தன. கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். தோள்பட்டையில் வெளுப்பாக ஒரு வட்டம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

யாரிடம் சொல்வது? புருஷனிடம் சொன்னால் என்னைக் கிணற்றடிக்கு அனுப்புவாரோ என்ற பயம். அஜீஸுன்னிசா ஆபாவுக்குத் தெரிந்தால் வேலை போகும், ஊருக்கும் தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நந்தினிக்கு ஏழு வயது. ராத்திரியில் என் வயிற்றின்மேல் கால் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். நான் குடித்த தம்ளரில் குடிப்பாள், என் தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள். என்னிடமிருந்து அவளுக்குத் தொற்றிவிட்டால்?

அவளை யாரும் என்னிடமிருந்து பிடுங்க வேண்டாம், நானே விலக்கி வைக்கிறேன் என்று முடிவு செய்தேன். மறுநாளே அவள் பாயை எடுத்து உள்ளறையில் போட்டேன்.

“ஏழு வயசுப் புள்ளையத் தனியா ஏன் படுக்க வெக்கிற?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“பொம்பளப்புள்ள, பழகட்டும். கொசுத்தொல்லையும் இல்ல அங்க.”

“கேனு, டப்பாலாம் இருக்குதே?”

“இருந்தா இன்னா? உள்ள வெளக்கு கூட வெக்கறதில்ல. நெருப்பு எங்கேர்ந்து வரும்?”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நெருப்பு ஒன்றுதான் அவருக்கும் தெரியும்.

நந்தினி முதலில் கதவைத் தட்டித் தட்டி அழுதாள். நான் இந்தப் பக்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு அழுவதை விட்டுவிட்டாள். அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்கினேன். தலை வாரிவிடுவதை நிறுத்தி, பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். ஓடிவந்து கட்டிக்கொள்ள வந்தால் “எட்டிப் போ” என்று கத்துவேன். என்ன தப்பு செய்தோம் என்று குழந்தைக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் சரியாகச் செய்ய ஆரம்பித்தாள். கேட்காமலே தண்ணீர் பிடித்து வைப்பாள். பாயைத் தானே சுருட்டுவாள். வாய்ப்பாட்டை எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வாள். அப்படிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நோய் வெளியே தெரிவதற்குள் அவளுக்கென்று ஏதாவது சேர்த்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தவள்போல ஒட்டினேன். ஆபா ஒரு மூட்டை தந்தால் இரண்டு கேட்டேன். டப்பாக்களின் எண்ணிக்கை கூடியது, கேன் ஒன்று இரண்டானது. ஐப்பசியில் எனக்குக் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். சோறு பிடிக்கவில்லை. கண்ணாடியில் பூவம்மாள் அத்தையின் முகம் தெரிவதாக நினைத்துக்கொள்வேன். அத்தனை பயத்திலும் ஒரே ஒரு ஆறுதல், குழந்தையாவது தப்பித்தாள் என்பது.

அந்த ஆறுதலும் ஒருநாள் போனது. பள்ளிக்கூட வாசலில் டீச்சர் ஜெயபுஷ்பம் என்னை நிறுத்தினார்.

“நந்தினிக்கு வீட்ல ஒழுங்கா சாப்பாடு குடுக்கறீங்களா? ஓடும்போது அடிக்கடி தடுக்கி விழறா. பென்சில் கையில நிக்கமாட்டேங்குது. முன்னெல்லாம் எழுத்து எவ்ளோ அழகா இருக்கும்.”

வீடுவரை எப்படி வந்தேன் என்று தெரியாது. நந்தினியைக் கட்டிலில் உட்கார வைத்துக் காலைப் பார்த்தேன். முட்டியெல்லாம் சிராய்ப்பு. ஒன்றையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. காலைத் தொடக்கூட எனக்குப் பயம். விலக்கி வைத்தும் என் நோய் அவளைப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அன்று என் வீட்டுக்காரர் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். செருப்பு கழன்றது, ஊசி குத்தியது, வெளுத்த வட்டம், நந்தினி விழுவது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “எனக்குப் பெருவியாதி மாமா. புள்ளைக்கும் ஒட்டிடுச்சி” என்றேன். அவர் பின்னால் நகர்வார் என்று காத்திருந்தேன். அவர் முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். நான் உதறினேன். அவர் விடவில்லை.

“இத்தினி நாளா இத வெச்சிக்கினா பேஜார் பட்டுக்கினு இருந்த? மாத்திரை குடுக்கறான், முழுங்கினா போவுது. காலைல மொத பஸ்ஸுல கெளம்பு.”

எங்கள் பக்கம் தோல் என்றால் சோறு. தோல்ஷாப், தோல் மண்டி, தோல் கம்பெனி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதே சொல்லை ஆஸ்பத்திரிக்கு முன்னால் போட்டால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். “தோல் ஆஸ்பத்திரிக்கு ரெண்டரை டிக்கெட்டு” என்று என் வீட்டுக்காரர் வேலூரில் மாறி ஏறிய பஸ்ஸில் சத்தமாகக் கேட்டபோது எனக்கு உயிரே போயிற்று. முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். நந்தினி எங்கள் இருவருக்கும் நடுவில், யார்மேலும் படாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்காரப் பழக்கியவள் நான்தான்.

டாக்டர் எப்சிக்கு என் வயதுதான் இருக்கும். என் கண்ணை மூடச் சொல்லி நைலான் நூல் ஒன்றால் கையிலும் காலிலும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தொட்டது தெரிந்தால் “ஆமா” என்று சொல்ல வேண்டும். நான் பல இடத்தில் சும்மா இருந்தேன். பிறகு முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். தோள்பட்டை வட்டத்தில் நூலை வைத்தார். “ஆமா” என்றேன் உடனே. ரத்தத்துக்கும் தோலுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் கூப்பிட்டார்.

“இது தொழுநோய் இல்லம்மா.”

“நெசமாவா மேடம்?”

“நெசமாத்தான் சொல்றேன். தோள்ல இருக்கறது வெறும் தேமல். களிம்பு போட்டா போயிடும். நரம்பு தடிக்கல, டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்ல. உங்களுக்கு அந்த நோய் கெடையாது.”

நான் அழுத அழுகையில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் சாமி பேரெல்லாம் சொல்லிக் கும்பிட்டார். நான் நந்தினியை வாரி எடுத்துக்கொண்டேன். எத்தனை மாதம் கழித்து! அவள் முதலில் விறைத்துப்போய், பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் தலையில் முகத்தைப் புதைத்து முத்தம் கொடுத்தேன். அவள் முடியெல்லாம் அந்த வாடை. இனிப்பாக, சில்லென்று.

டாக்டரும் எங்கள் பக்கம் குனிந்தார். அவர் முகம் மாறியது.

“இன்னா வேலை செய்றீங்க நீங்க?”

சொன்னேன்.

“எந்த எடத்துல உக்காந்து ஒட்டறீங்க? ஜன்னல் இருக்குதா?”

“இருக்குது, அடைச்சு வெச்சிருக்கோம் மேடம்” என்று என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். நல்ல சேதி கேட்ட சந்தோஷத்தில் இருந்தார் மனுஷன். “அடுப்பு பக்கத்துல கீது பாருங்க, நெருப்பு புடிச்சிக்கும். அது ரிஃபைனரி சரக்கு. முன்ன எரிக்கறதுக்கு எடுப்பாங்க. இப்போ அதையே பிரிச்சி பசைக்கும் எண்ணெய் மில்லுக்கும் அனுப்பறான். நான்தான் கேன்ல புடிச்சாந்து தர்றேன்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“நெருப்பு புடிச்சா கண்ணுக்குத் தெரியும், ஓடிப்போயிடலாம். இது காத்துல கலந்து உள்ள போவும். கால்விரல்ல ஆரம்பிச்சு நரம்பை மெதுவா தின்னும். நரம்பு டெஸ்ட் ஒண்ணு எடுக்கணும், ஆனா எனக்கு அதுமேலதான் சந்தேகம். போன வருஷம் இதே மாதிரி செருப்பு ஒட்டறவங்க வந்தாங்க. தொழுநோய்ன்னு நெனச்சிதான் அவங்களும் வந்தாங்க. இன்னியோட நிறுத்துங்கம்மா. நிறுத்தினாலும் கொஞ்ச நாளைக்கு இன்னும் ஜாஸ்தியாவும். அப்புறம் மெல்லத் திரும்பும்.”

“திரும்பிடுமா?”

“பெரும்பாலும் திரும்பும். எவ்ளோ நேரம், எவ்ளோ நாள் அந்த வாடைல இருந்தீங்கன்னு பாக்கணும்.” அவர் நந்தினியின் தலைமுடியைத் தொட்டு முகர்ந்தார். “அந்த ரூம்ல யார் படுக்கறாங்க?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் வாயில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. பகலில் நான் உட்கார்ந்து ஒட்டிய அறை. ராத்திரி முழுக்க, கதவு சாத்தி, ஜன்னல் அடைத்து, திறந்த டப்பாக்களுக்கு நடுவில் அவள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

“நான்தான் படுப்பேன்” என்றாள் நந்தினி. “நான் அழவே மாட்டேன் டாக்டர்.”

டாக்டர் அவளை உயரமான கட்டிலில் உட்கார வைத்தார். அவள் கண்ணைப் பொத்தும்படி என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவருடைய உள்ளங்கைக்குள் அவள் முகம் பாதி மறைந்துபோனது.

“கண்ணு, நான் கால்ல தொடுவேன். தொட்டா ஆமான்னு சொல்லணும். சரியா?”

“சரி.”

முட்டியில் தொட்டார். “ஆமா.” முழங்காலுக்குக் கீழே தொட்டார். “ஆமா.” புறங்காலில் நூலை வைத்தார். நந்தினி பேசாமல் இருந்தாள். கட்டைவிரலில் வைத்து அழுத்தினார், நூல் வில்லாக வளைந்தது. அவள் பேசவில்லை. அடுத்த விரல், அதற்கடுத்த விரல். நாங்கள் எல்லாரும் எதற்கோ காத்திருக்கிறோம் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“ஆமா” என்றாள்.

நூல் டாக்டரின் கையில், அவள் காலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

“ஆமா” என்றாள் மறுபடியும், இன்னும் கொஞ்சம் சத்தமாக. “ஆமா. ஆமா.”

என் வீட்டுக்காரர் அவள் கண்ணிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை, நேராக என்னைத்தான் பார்த்தாள்.

“எல்லாம் கரெக்டா சொன்னேனாம்மா?”

“சொன்னடா கண்ணு” என்றேன். எனக்குப் பெருவியாதியாகவே இருந்திருக்கக் கூடாதா சாமி என்று மனசுக்குள் கதறினேன்.